பந்துக்கு விடுப்பு

ஆண்டுதோறும் ஒரு கால்பந்து வீடியோ கேம் வெளியிட்டே தீருவது என்று உறுதி பூண்ட கம்பெனி அது. ஆட்டம் என்னவோ ஒன்றேதான். அட்டையில் ஆண்டு மட்டும் மாறும். அதன் கீழே "மூன்று புத்தம் புதிய அம்சங்கள்" என்று அச்சிட்டிருக்கும்.

அந்த மூன்றுக்கு எங்கே போவது? யோசிக்க ஆள் வைத்தால் அவர் யோசித்துக்கொண்டே இருப்பார், வேலை நடக்காது. ஆகவே நிர்வாகம் விடுப்பு முறையைக் கொண்டுவந்தது. இருக்கிற அம்சம் ஒன்றுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட வேண்டியது. ஜனங்கள் மறந்ததும் திரும்ப அழைத்து, புதியது என்று அறிவிக்க வேண்டியது. மழை அப்படித்தான் நான்கு வருஷம் போய்விட்டு வந்தது. வாங்கியவர்கள் புல்லரித்துப் போனார்கள். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியிலும் மழைதான் பெய்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

இந்த விடுப்புப் பதிவேட்டை இருபது வருஷமாகக் கட்டிக் காத்தவரை அலுவலகத்தில் எல்லோரும் பதிவேட்டக்கா என்பார்கள். கொடிக்கும் காற்றுக்கும் லீவு எழுதிக் கொடுத்தவருக்குச் சொந்த லீவு மட்டும் வாய்த்ததே இல்லை. இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம், அதுவும் வெளியூரில். பத்து நாள் கேட்டு எழுதிய மனு மூன்று வாரமாக மேலாளரின் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. பெற்றவள் பக்கத்தில் இல்லாமலே பிள்ளை பெற்றுக்கொள்வாளா என்று அக்கா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியீட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மேலாளர் ஓடி வந்தார்.

"அக்கா, இந்த வருஷம் யார் யார் திரும்பி வர்றாங்க?"

"யாரும் இல்ல சார். எல்லாரும் வந்தாச்சு."

"அட்டை அச்சாயிடுச்சேக்கா. மூணு அம்சத்துக்கு நான் எங்க போவேன்?"

"சார், என் லீவு மனு..."

"நானே இடிஞ்சுபோய் உக்காந்திருக்கேன், நீங்க வேற."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அப்போ பந்துக்கு லீவு குடுத்துடுங்க. அது ஒண்ணுதான் இதுவரைக்கும் எடுக்கல."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பந்தை எடுத்தா என்ன ஆகும்?"

"இருபத்திரண்டு பேரும் சும்மா ஓடுவாங்க."

"சும்மா இல்லக்கா, சுதந்திரமா ஓடுவாங்க. ஒண்ணு." எழுதிக்கொண்டார். "பந்து எங்க இருக்குங்கறது ஆடறவங்க கற்பனைக்கு. ரெண்டு. மூணாவது?"

"யாரும் தோக்க மாட்டாங்க," என்றார் அக்கா வெறுத்துப்போய்.

"மூணு," என்று மேலாளர் எழுந்தே விட்டார்.

காபி ஆறுவதற்குள் ஐவர் குழு கூடி, பந்தின் அப்பழுக்கற்ற நெடுங்காலச் சேவையைக் கருத்திற்கொண்டு அதற்கு ஓராண்டு விடுப்பு வழங்கியது. ஆட்டத்தில் பந்தைப் போட ஒரு காலத்தில் இரண்டு வருஷம் ஆனதாம். எடுக்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அக்காவின் மனுவைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுக்கு முன்னுதாரணம் இல்லையே," என்றார்கள்.

அக்கா இருக்கைக்கு வந்தார். பதிவேட்டில் வரிசை எண் நாற்பது: பந்து. அதன் கீழே, "நாற்பத்தொன்று: நெடுங்கால அம்சம் ஒன்று. பத்து நாள்," என்று முத்து முத்தாக எழுதினார். மேலாளர், "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டு இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா அன்று மாலையே பஸ் ஏறினார்.

ஐந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கூடவே இருந்தார். மாப்பிள்ளையைத்தான் காணோம். விடியற்காலையிலிருந்து கடை வாசல் வரிசையில் நின்றவர், சாயங்காலம் ஒரு பெட்டியோடு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"மாப்பிள்ளை, பொண்ணு பிறந்திருக்கு."

"போன்ல சொன்னாங்க அத்தை. இதைப் பாருங்க. ஓட்டம் எவ்வளவு இயல்பா இருக்கு."

ஆஸ்பத்திரி அறை டிவியில் அவர் மாட்டியிருந்த ஆட்டத்தில் இருபத்திரண்டு பேர் தலைதெறிக்க ஓடினார்கள்.

"பந்து எங்க மாப்பிள்ளை?"

"அப்படிக் கேக்கக் கூடாது அத்தை. அதெல்லாம் பழைய ஆளுங்க கேக்கறது." மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சிரித்தார். "எடுத்ததைத் திரும்பக் கொண்டுவரலாமான்னு ஆட்டத்துக்கு நடுவுல கம்பெனியே கேட்டிருக்கு. எதுவுமே வேண்டாம்னு அழுத்திட்டேன். லட்சம் பேர் அப்படித்தான் அழுத்தியிருக்காங்க."

"குழந்தையைப் பாத்தீங்களா?" என்றாள் கட்டிலிலிருந்து மகள்.

"இந்தப் பாதி முடியட்டும்."

எட்டாம் நாள் அக்காவின் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தபோது மேலாளரின் போன் வந்தது.

"அக்கா, சீட்லதானே இருக்கீங்க? பதிவேட்டை எடுங்க. அமோக வரவேற்பு. போனது எதுவும் திரும்ப வேண்டாம்னு ஜனங்க ஒரே குரல்ல சொல்லிட்டாங்க, குழுவும் உத்தரவு போட்டாச்சு. கடைசிப் பக்கத்துல இருக்கறதையெல்லாம் நிரந்தரமா நீக்கிடுங்க."

"நாற்பத்தொண்ணையுமா சார்?"

"அது என்னதுக்கா?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எதுவா இருந்தா என்ன, அடிச்சுடுங்க. அது போய் எட்டு நாளாச்சு, ஒருத்தரும் தேடல. அது இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது."