நாற்காலியால் களையெடுத்த ஏரி

ஆகஸ்ட் 6, புதன். ஏரிக் களை ஒழிப்புக் குழுவின் சென்ற கூட்டக் குறிப்பில் ‘கணிசமாகக் குறைந்தது: களை’ என்று பதிவாகியிருக்கிறது. அது பிழை. அன்று கணிசமாகக் குறைந்தது தட்டிலிருந்த லெமன் பார் என்ற எலுமிச்சை இனிப்பு மட்டுமே. செயலாளர் வருந்துகிறார்.

களையெடுக்கும் கருவி என்றால் அரிவாளைச் சொல்வார்கள், களைக்கொத்தைச் சொல்வார்கள், மருந்தைச் சொல்வார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் டம்பெல் ஏரிக்காரர்கள் கண்டுபிடித்த கருவிக்கு முன்னால் இவையெல்லாம் தூசு. அது மடக்கு நாற்காலி. அதை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். தண்ணீரில் கால் நனைய வேண்டியதில்லை.

டம்பெல் ஏரி பெயருக்கேற்ற ஏரி. ஒரு பக்கம் பெரிய ஏரி, ஒரு பக்கம் சின்ன ஏரி, நடுவே படகு போகும் அளவுக்கு ஒரு குறுகல். அந்தக் குறுகலில்தான் மில்ஃபாயில் குடியேறியது. எவனோ ஒரு வெளியூர்க்காரனின் படகடியில் ஒட்டிக்கொண்டு வந்த நீர்க்களை அது. மற்றக் கோடைவாசிகள் செப்டம்பரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிகாகோவுக்குப் போய்விடுவார்கள். இது போகவில்லை, வரியும் கட்டவில்லை.

மார்னி ஹால்வர்சனின் மரக்குடில்கள் சின்ன ஏரிக் கரையில் இருந்தன. மீனோ பெரிய ஏரியில் இருந்தது. மீன் பிடிக்க வருகிறவர்கள் குறுகலைத் தாண்டியாக வேண்டும். தாண்டப் போனால் படகின் விசிறியில் களை சடைசடையாகச் சுற்றிக்கொண்டு எஞ்சின் இருமி நின்றுவிடும். போன கோடையில் பாதிக் குடில்கள் காலி. இந்தக் கோடையில் மில்வாக்கியிலிருந்து ப்ரூக்கர் குடும்பம் ஒன்றுதான் மிச்சம். மார்னியின் அப்பா காலத்திலிருந்து ஆகஸ்டு தோறும் எல்லாக் குடில்களையும் மொத்தமாக எடுக்கும் குடும்பம். இந்தத் தடவை பெரிய ஏரிக்குப் படகு போகுமென்றால் மட்டும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களும் வராவிட்டால் குடில்களை விற்பதைத் தவிர மார்னிக்கு வேறு வழியில்லை.

ஆகவே அவள் ஏரிக் களை ஒழிப்புக் குழுவின் கூட்டத்துக்குப் போனாள். களையை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கக் கை தூக்கினாள். அந்த ஊரில் கூட்டத்தில் கை தூக்கியவர் வேலைக்கு இசைந்தவர் என்று பொருள். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். கையை இறக்குவதற்குள் அவள் செயலாளர் ஆகியிருந்தாள்.

தலைவர் ட்வெய்ன் புக்ஹோல்ஸ், வாழ்நாளெல்லாம் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர், நிதியின் தத்துவத்தை அவளுக்கு விளக்கினார். களையெடுக்க மேலிடம், அதாவது மாநில அரசு, பணம் தரும்; ஆனால் ஊரும் தன் பங்கைப் போட வேண்டும். பணம் இல்லாத ஊர் உழைப்பைப் போடலாம். உழைப்பை மேலிடம் மணிக்கணக்கில் அளக்கும். கூட்டத்தில் உட்காருவதும் உழைப்பே.

“நீ தண்ணில எறங்கி ஒரு மணி நேரம் பிடுங்கினா அது ஒரு மணி நேரம். நாங்க நாப்பது பேரு இங்க ஒரு மணி நேரம் உக்காந்தா அது நாப்பது மணி நேரம். இப்ப நீயே சொல்லு கண்ணு, எது பெரிய உழைப்பு?”

மார்னி எதையும் முறையாகச் செய்கிறவள். வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். இரண்டு தரமும் சரியாகவே வந்தது. தப்பு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு உழைப்பு பெருகியது. களை ஒழிப்புக் கூட்டம், அதன் துணைக்குழுக் கூட்டம், துணைக்குழுவுக்கு யார் காப்பி போடுவது என்பதற்கான ஆலோசனைக் கூட்டம். முன்வரிசையில் தலைவரின் பழைய நண்பர் லாய்ட் மட்டும் எல்லாவற்றிலும் தூங்கினார். தூங்குகிறவருக்கு எப்படி நேரம் எழுதுவது என்று மார்னி தயங்கினாள். கண்ணை மூடிக் களையைப் பற்றிச் சிந்திக்கிறான், எழுதிக்கொள் என்றார் தலைவர்.

“கனவுலகூட மில்ஃபாயில்தான் வந்துச்சுடா ட்வெய்னு,” என்றார் லாய்ட் கண்ணைத் திறக்காமலே. அந்தக் கனவும் ஊரின் பங்கில் சேர்ந்தது.

இத்தனை தீவிரமான போராட்டத்தைக் கண்டு களை பயந்ததாகத் தெரியவில்லை. குறுகலில் வாத்து நடந்து போகலாம் போல அடர்ந்தது. ப்ரூக்கர் குடும்பம் வர ஒரு வாரம்கூட இல்லாதபோது மார்னி ஒரு மன்னிக்க முடியாத காரியம் செய்தாள். களையைப் பிடுங்கினாள். திங்களும் செவ்வாயும், இடுப்பளவு தண்ணீரில், நீளக் காம்பும் இரும்புப் பல்லும் வைத்த வாருகோலை வீசி வீசி இழுத்துக் கரையில் குவித்தாள். செவ்வாய் சாயங்காலம் அவளுடைய படகு இருமாமல் பெரிய ஏரிக்குப் போய்த் திரும்பி வந்தது. மில்வாக்கிக்கு ஃபோன் செய்து, சனிக்கிழமை வாருங்கள் என்றாள்.

புதன் மாலை அவசரக் கூட்டம். சர்ச்சின் கீழ்த்தளம் கொள்ளாமல் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அது நிற்கும் கொட்டகையில் நாற்காலி விரித்தார்கள். முதல் தீர்மானம் கண்டனம். குழுவோடு கலந்து பேசாமல், அனுமதியில்லாமல், ‘தன்னிச்சையாகக் களையெடுத்தது’. ஒருவர் விடாமல் பேசினார்கள். பேசி முடித்தபோது ஊரின் பங்கு நிறைந்துவிட்டிருந்தது. உடனே இரண்டாவது தீர்மானமாக, இத்தனை மணி நேரக் கூட்டத்துக்குக் காரணமான மார்னிக்கு நன்றி. இரண்டையும் மார்னியே எழுதினாள்.

பிறகு ட்வெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிடத்திலிருந்து மதியம் ஃபோன் வந்ததாம். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மாள் வருகிறார். குறுகலில் ஒரு வாருகோலை வீசி இழுப்பார். களை நிறைய வந்தால் நிதி வரும். வெறும் வாருகோல் வந்தால், ஏரிக்கு நோயில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

லாய்ட்கூட விழித்துக்கொண்டார்.

“பிடுங்கினதை எங்கம்மா வச்சிருக்கே?” என்றார் ட்வெய்ன், மிக மென்மையாக.

“கரையிலதான் கெடக்கு.”

“பச்சையாவா?”

“பச்சையாத்தான். ஏன்?”

யாரோ செங்கல் என்றார். யாரோ கயிறு என்றார். பிடிபிடியாகச் செங்கல்லில் கட்டி இறக்கினால் வேர் பிடிக்கும், மில்ஃபாயிலுக்கு அந்த நல்ல குணம் உண்டு என்று தோட்டக்கலை தெரிந்த ஒரு அம்மாள் எடுத்துச் சொன்னார். அதற்கு ஆகும் நேரமும் அடுத்த ஆண்டுப் பங்கில் சேரும் என்று தலைவர் சொன்னதும் கை தட்டினார்கள்.

மார்னி எழுதுவதை நிறுத்தினாள். “சரி, வெள்ளிக்கிழமை அந்தம்மா போனதும் திரும்பப் பிடுங்கிடலாம்ல? சனிக்கிழமை எனக்கு ஆளு வராங்க.”

“ஐயோ கண்ணு, அது நிதி வாங்கிக் குடுத்த களை. திட்டம் தொடங்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அடுத்த ஜூன்ல மிஷின் வரும்.”

“அடுத்த ஜூன்ல நான் இங்க இருக்க மாட்டேன் ட்வெய்ன். குடிலு வேற யார் பேர்லயாவது இருக்கும்.”

ட்வெய்ன் தலையை ஆட்டினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “அவங்களையும் குழுவுல சேத்துக்குவோம்,” என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர் ஒருவர். அவரே குறிப்பெழுதுகிறவராதலால் தன் எதிர்ப்பைப் பிழையில்லாமல் பதிந்தார். நடவுக்குத் தலைமை தாங்க, களத்தில் இறங்கிய அனுபவமுள்ள ஒரே உறுப்பினர் என்ற முறையில், மார்னியின் பெயரை லாய்ட் முன்மொழிந்தார். இந்த முறை அவள் கை தூக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இரண்டு கோடைகளாகக் களையை எடுக்க மார்னியைத் தவிர ஒருவரும் தண்ணீரில் இறங்காத அந்த ஊரில், களையை நட ஊரே பெயர் கொடுத்தது.

நாளை, வியாழன்: காலை ஏழு மணி, குறுகல். ரப்பர் பூட்ஸ், கயிறு, ஆளுக்கு ஒரு செங்கல். அதற்கு முன்னால் மார்னி மில்வாக்கிக்கு ஃபோன் செய்து, வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் மட்டும் ஊரின் பங்கில் சேராது.