மாப்பிள்ளை டிக் போட்ட விதி

கதை விடறேனா நானு? நல்லா இருக்குடி நீ சொல்றது. எங்க மாப்பிள்ளையை மடக்க இனிமே ஒருத்தி பொறந்து வரணுமா? பொறந்து வந்து வருஷமாச்சு. நான்தான் பெத்தேன். உக்காரு, சொல்றேன். அதுல வேண்டாம், அந்த முக்காலி ஆடும். இப்படி வா.

மாப்பிள்ளை தொழில் தெரியும்ல? கடைக்காரங்க, டாக்டருங்க எல்லாம் வெப்சைட்டுன்னு வச்சிருக்காங்களே, அதுங்க குடியிருக்க இடம் குடுக்கறது. மாடி ரூம்ல கறுப்பா ஒரு மிஷின். சர்வர்னு பேரு. கொசு காதுகிட்ட பறக்கிற மாதிரி எந்நேரமும் ஒரு சத்தம். அதுக்குள்ளதான் ஊர்ல பாதிப் பேர் குடித்தனம். இந்த வீட்டுலயே அந்த ரூமுக்கு மட்டும்தான் ஏசி. எனக்குப் புழுங்குதுன்னு ஒரு நாள் சொன்னேன். "அத்தை, உங்களுக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம். மிஷினுக்கு வேர்த்தா நான் நடுத்தெருவுல நிக்கணும்"னார். மரியாதையான மனுஷர். குரலை உசத்தினதே இல்ல. அந்த மரியாதையிலயே நமக்கு உசிரு போயிடும்.

குடித்தனம்னா விதி வேணுமில்ல? தொழில் ஆரம்பிச்சப்ப ஒரு பெரிய கம்பெனியோட விதியை இங்கிலீஷ்ல அப்படியே எடுத்து, அவங்க பேரை அடிச்சிட்டுத் தன் பேரைப் போட்டுக்கிட்டார். கேக்காத ஆளுக்கு மெயில் அனுப்பக்கூடாது, அசிங்கப் படம் போடக்கூடாது, ஒருத்தரே மிஷினை உறிஞ்சக்கூடாது, அடுத்தவங்க எழுதினதைக் காப்பி அடிச்சுப் போடக்கூடாது. ஆமாடி, அந்த விதியையும் சேர்த்துத்தான் காப்பி அடிச்சார்.

வர்றவங்களுக்குப் புரியணுமேன்னு தமிழாக்கிக் குடுன்னு எம்மக கிட்ட குடுத்தார். அவளும் தையல் வேலைக்கு நடுவுல உக்காந்து உக்காந்து எழுதினா. "ஒரு தடவை படிச்சுப் பாருங்க"ன்னா. "நீ எழுதினா நான் படிச்ச மாதிரிதான்"னார். இன்னொரு தடவை சொன்னா. மூணாவது தடவை சொல்லல. அதைத்தான் அவர் கவனிச்சிருக்கணும். அவ அப்பாவும் இப்படித்தான் காதுல வாங்க மாட்டார், ஆனா நான் ஒண்ணை மூணாவது தடவை சொல்லலன்னா ராத்திரி தூக்கம் வராது மனுஷருக்கு. அவருக்கு இருந்த பயம் இவருக்கு இல்ல.

அப்புறம் யாரு புதுசா வந்தாலும் 'விதிகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு கட்டத்துல டிக் போடணும். எல்லாரும் போட்டாங்க. ஒருத்தரும் படிக்கல. மாப்பிள்ளையும் தனக்குன்னு ஒரு வெப்சைட்டுப் பக்கம் வச்சிருந்தார், அவரும் டிக் போட்டுத்தான் உள்ள வந்தார். ரொம்ப நேர்மை.

ஆனா விதின்னா உசிரு. சீப்பு விக்கிறவர் ஒருத்தர் கேக்காத ஜனத்துக்கெல்லாம் விளம்பரம் அனுப்பிட்டார். ஊர்ல இருக்கிற வழுக்கையெல்லாம் சண்டைக்கு வந்துச்சு. மாப்பிள்ளை அவர் பக்கத்தை மூடிட்டார். பாவம், வாசல்ல வந்து நின்னு கண்ணைக் கசக்கினார். "விதி உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான் சார்"னு கதவைச் சாத்தினார். நான்தான் ஜன்னல் வழியாத் தண்ணி குடுத்தேன். எனக்கு ஒரு சீப்பு குடுத்துட்டுப் போனார். நல்ல சீப்பு.

விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் நாற்காலிக் கடைக்காரர் போன் பண்ணினார். அவர்தான் இவருக்கு இருக்கிறதுலயே பெரிய வாடிக்கை. "சார், என் பக்கம் தொறக்கறதுக்குள்ள ஜனங்க நின்னு நின்னு கால் வலிச்சு, வேற கடையில நாற்காலி வாங்கிடறாங்க. யாரோ மிஷினை உறிஞ்சறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரை வெளியேத்துங்க. இல்ல, நான் வெளியேறறேன்."

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துப் போச்சு. நாற்காலிக்காரர் போனா பின்னாலயே அவர் தம்பி கட்டில் கடை போகும், மச்சான் மெத்தைக் கடை போகும். அப்புறம் மிஷினை எடைக்குத்தான் போடணும். ஒரே தொட்டித் தண்ணியில நிறைய வீடு இருக்கு, ஒருத்தர் குழாயை முழுக்கத் தொறந்துட்டா மத்தவங்களுக்குச் சொட்டுதான் வரும், அந்த மாதிரிதானாம் இதுவும். யாரு குழாய்? கூடத்துல அங்கயும் இங்கயும் நடந்தார். தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சு. நின்னுட்டார்.

எம்மக தையல் வகுப்பு நடத்தறா பாரு, அதுக்கு ஒரு பக்கம். காஜா எடுக்கறது எப்படி, காலர் வைக்கிறது எப்படின்னு வீடியோ போட்டிருந்தா. அடுத்த வாரம் புது வகுப்பு. சேர்றவங்க எல்லாம் அதைப் பார்த்துத்தான் வரணும்.

சொந்தம் பந்தம் பாக்கறதில்லன்னு அங்கயே முடிவு பண்ணிட்டார். கூடத்துல உக்காந்து, உள் ரூம்ல இருக்கிற பொண்டாட்டிக்கு மெயில் அனுப்பினார்டி. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே'ன்னு ஆரம்பம். உங்கள் பக்கம் ஞாயிறு அன்று மூடப்படும்னு முடிவு.

தையல் மிஷின் நின்னுச்சு.

"என்னங்க, இந்த மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் இன்னைக்கு சமைக்கணுமா, வேண்டாமா?"

"அது வேற, இது வேற. வீட்டை இதுல இழுக்காதே."

"மூடறதுன்னா மூடுங்க. யாரு எவ்வளவு உறிஞ்சறாங்கன்னு கணக்கு பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? காலர் வைக்கிறதுக்கே முழுசா ஒரு வீடியோ!"

"பார்த்துட்டுத்தான் மூடணும்னு விதி ஒம்பதுல இருக்கு."

"இருக்கா?"

"நான்தானே எழுதினேன்."

அப்பக்கூட அவர் ரோசிக்கல பாரு. இன்னும் நிமிர்ந்து உக்காந்தார். "சரி. ஞாயித்துக்கிழமை நாற்காலிக் கடைக்காரரை போன்ல வச்சுக்கிட்டே கணக்கைத் தொறக்கறேன். நான் எவ்வளவு நடுநிலைன்னு அவரே கேக்கட்டும்."

எம்மக திரும்பப் போய்த் தைக்க ஆரம்பிச்சா.

ஞாயித்துக்கிழமை. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உடுத்திக்கிட்டார். நான் இங்க, அவ அங்க, போன் நடுவுல ஸ்பீக்கர்ல.

"சார், நான் ஒரு கஷ்டமான முடிவு எடுக்கப் போறேன். தப்பு பண்ணினது என் வீட்டு ஆளா இருந்தாலும் விதி விதிதான்."

"நீங்க மனுஷன் சார்!"னார் அந்தப் பக்கம்.

மாப்பிள்ளை கணக்கைத் தொறந்தார். முதல் வரியைப் படிக்க வாயைத் தொறந்தார். வாய் தொறந்தபடியே இருந்துச்சு. ஈ ஒண்ணு வந்து பார்த்துட்டுப் போச்சு.

"யாரு சார் அது?"

மாப்பிள்ளை அந்த வரியை விரலால தேய்ச்சுப் பார்த்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

எம்மக எட்டிப் பார்த்துப் படிச்சா. "'தினம் ஒரு சிந்தனை'ன்னு ஒரு பக்கம் சார்."

மாப்பிள்ளையோட பக்கம்டி அது. தினமும் காலையில பல்லு விளக்கினதும் கேமரா முன்னாடி உக்காந்து ஊருக்கு புத்தி சொல்வார். முகம் நல்லாத் தெரியணும்னு இருக்கிறதுலயே பெரிய அளவுல எடுப்பார். ஒரு சிந்தனைக்கு எம்மகளோட வகுப்பு மொத்தமும் அடங்கிடும். போன வாரச் சிந்தனை என்ன தெரியுமா? சிக்கனம்.

"அதை யாரு சார் பாக்கறாங்க?"ன்னார் நாற்காலிக்காரர்.

எம்மக அதையும் பார்த்துச் சொன்னா. "ஒரே ஆள்தான் சார் திரும்பத் திரும்பப் பாக்கறார். இந்த வீட்டுலேருந்துதான்."

"சார், இது தொழில்நுட்பக் கோளாறு..."ன்னு மாப்பிள்ளை மெல்ல ஆரம்பிச்சார்.

"விதி விதிதான்னீங்களே சார்!"

"மூடிடறேன்"னார். அந்தக் குரலை நான் இதுக்கு முன்னால ஒரே தடவைதான் கேட்டிருக்கேன், பொண்ணு பாக்க வந்து அவளைப் பாடச் சொன்னப்ப, நீங்க முதல்ல பாடுங்கன்னாளே, அன்னைக்கு.

"மூடினா போதாதுங்க"ன்னா எம்மக. "விதி பதினாறு இருக்கே." நிதானமாப் படிச்சா. "'விதியை மீறியவர், தம் பக்கத்தைச் சரிசெய்து மீண்டும் திறக்கும் நாள் வரை, தம் வீட்டில் காலையும் மாலையும் டீ போட்டு, உட்கார்ந்திருப்பவர் கையில் கொண்டுவந்து தரவேண்டும். டம்ளர் கழுவுவதும் இதில் அடங்கும்.'"

கூடத்துல ஊசி விழுந்தா கேக்கும். நிஜமாவே ஒண்ணு விழுந்துச்சு, அவ மடியிலேருந்து.

"அப்படி ஒரு விதியா?"ன்னார் மாப்பிள்ளை.

"அய்யய்யோ, அதுக்கா நானும் டிக் போட்டேன்?"ன்னார் நாற்காலிக் கடைக்காரர்.

போன்ல பின்னாலேருந்து ஒரு பொம்பளை குரல். "என்ன விதிம்மா அது? இன்னொரு தடவை படிங்க."

பாவம் அந்தச் சீப்புக்காரர். அன்னைக்கே அவர் டீ போட்டிருக்கணும். அவருக்கும் தெரியாது, அவர் வீட்டம்மாவுக்கும் தெரியாது.

விதியை மாத்திட வேண்டியதுதானேன்னு கேக்கறியா? அவரும் கேட்டார். மாத்தினா, என்ன மாத்தினோம்னு எல்லா வாடிக்கைக்கும் தெரிவிக்கணும்னு விதி இருபது. தெரிவிச்சா அன்னைக்குத்தான் எல்லாரும் முதல் தடவையா படிப்பாங்க. அது அந்தப் பெரிய கம்பெனியே எழுதினது, எம்மக மேல பழி போடாதே.

வீடியோவைச் சின்னதாக்கிட்டா பக்கத்தைத் தொறந்துக்கலாம், அவ்வளவுதான் வேலை. ஆனா எந்தச் சிந்தனையைச் சுருக்கறது? ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறார், கண்ணு கலங்குது, அப்படியே வச்சிடறார். நாற்காலிக் கடை நல்லா ஓடுது. எம்மக வகுப்புல இடம் இல்ல. இவர் மட்டும் இன்னும் ரோசிச்சுக்கிட்டு இருக்கார். ரோசிக்கட்டும், நமக்கென்ன அவசரம்.

என்னது, இன்னும் நம்பிக்கை வரலையா உனக்கு?

மாப்பிள்ளை! ஆச்சுங்களா? விருந்தாளி ஒருத்தி இருக்கா, இன்னொரு டம்ளரும் சேர்த்து உள்ள கொண்டு வாங்க. சர்க்கரை தனியா.