சம்ப்புக்குள் பதினோராம் அத்தியாயம்

“மூணு சொவரு தேய்ச்சாச்சு கன்னிம்மா. இப்ப கேளு.”

பேராசிரியர் செங்குட்டுவன் சம்ப்புக்குள் நின்று கத்தினார். தரைக்கடித் தொட்டியின் தண்ணியெல்லாம் மோட்டார் போட்டு இறைத்தாகிவிட்டது. லுங்கி மடித்துக் கட்டியிருந்தது. கையில் பிரஷ். மீசையில் பாசி.

மேலே, சம்ப்பு மூடியைத் தள்ளிவிட்டு, வாய் ஓரமாகக் குந்திக்கொண்டிருந்தாள் அவர் மனைவி கன்னியம்மா.

“கொஞ்சம் வித்தியாசம் கீற மாரி கீது மாமா. ஆனா நாலாவது சொவரையும் தேய்ச்சாதான் கரீட்டா சொல்ல முடியும்.”

“அப்பிடிக் கேளு. அதான் ஆராய்ச்சி புத்தி.”

பேராசிரியர் நாலாவது சுவரைப் பிடித்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சம்ப்பு கழுவும்போது நெஞ்சு நிமிர்கிற ஆள் திருவொற்றியூரிலேயே அவர் ஒருத்தர்தான்.

செங்குட்டுவன் சும்மா ஆள் இல்லை. நெட்டுக்குப்பத்தில் வலை இழுத்த வீட்டுப் பிள்ளை. இப்போது காலேஜில் இயற்பியல் வாத்தியார். பாமர ஜனத்துக்குப் புரிகிற மாதிரி ஒன்பது அறிவியல் புத்தகம் எழுதியவர். கடைசிப் புத்தகத்துக்கு ‘வூட்டுக்குள்ள விசை’ என்று பேர் வைத்தார். வெளியீட்டு விழாவில் முன்வரிசை சிரித்தது. “எங்க வூட்ல விசைய வூட்டுக்குள்ளதான் வெச்சிக்கீறோம், உங்க வீட்டுக்குள்ள வேணா நீங்க வெச்சிக்கங்க,” என்றார் மைக்கில். அதே பேரில்தான் மூன்றாம் பதிப்பு வந்தது.

எல்லாம் சரி. ஒரே ஒரு குறை. ஊர் படிக்கிறது, பெரம்பூர் ஸ்கூல் பிள்ளைகள் கையெழுத்து கேட்கிறார்கள், கட்டின பொண்டாட்டி ஒரு பக்கம் திறந்ததில்லை. கன்னியம்மா கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். காலையிலிருந்து சாயங்காலம் வரை லாரிக்காரர்களை வேலை வாங்குவாள். வீட்டுக்கு வந்தால் புத்தகத்தின் மேல் டீ டம்ளரை வைப்பாள். அட்டையில் வட்ட வட்டமாகக் கறை. அது அவருக்கு எத்தனை வலி என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதும் இல்லை.

போன வாரம் வரைக்கும்.

அந்தக் காம்பவுண்டில் மூன்று குடித்தனம். சம்ப்பு ஒன்று. மாசத்துக்கு ஒரு வீடு இறங்கிக் கழுவவேண்டும். அது முறை. இந்த மாசம் இவர்கள் முறை.

“யோவ், சம்ப்புல எறங்கிக் கழுவு,” என்றாள் கன்னியம்மா.

“ஒம்போது புத்தகம் எழுதனவன சம்ப்புல எறக்கற.”

“ஒம்போது புத்தகம் எழுதனவன் தண்ணி குடிக்கறது இல்லியா?”

“எறங்க மாட்டேன். மொதல்ல நீ என் புத்தகம் ஒண்ணாச்சும் படி. அப்பால எனக்கு வேல சொல்லு.”

கன்னியம்மா டம்ளரைத் தூக்கினாள். அடியிலிருந்த ‘வூட்டுக்குள்ள விசை’யை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே உஷாராகி இருக்கவேண்டும். ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

“மாமா, ஒரு டவுட்டு.”

யோவ் போய் மாமா வந்துவிட்டது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

“சோப்புத் தண்ணி போட்டா உராய்வு கொறையும்னு எழுதிக்கீற. உராய்வு கொறஞ்சா வழுக்கிகினு போவும். அப்ப அழுக்கு எப்டி போவுது?”

பேராசிரியர் துள்ளி எழுந்தார். இந்தக் கேள்வியை அவர் வகுப்பில் ஒருத்தனும் கேட்டதில்லை. “கொண்டா பிரஷ்ஷ” என்றார். கரி படிந்த ஜன்னல் கம்பி ஒன்றைப் பளபளவென்று தேய்த்துக் காட்டினார்.

“ஒரு கம்பில வந்தா போதுமா மாமா? முன்னுரைல நீதான போட்டுக்கீற, திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்னு.”

போட்டிருந்தார். ‘செய்து பார்க்காமல் இந்தப் புத்தகத்தின் ஒரு வரியையும் நம்பாதீர்கள்’ என்றும் போட்டிருந்தார். எல்லா ஜன்னலையும் தேய்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கம்பியை மட்டும் கரியோடு விட்டார். “ஒப்பிட்டாச்சு,” என்று மறுநாள் அதையும் தேய்க்க வைத்தாள்.

அப்புறம் நிலைமம். மெத்தையை அடித்தால் மெத்தை நகரும், தூசி நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால் பிரிந்து விழும். “மெய்யாலுமா?” என்றாள். மொட்டை மாடியில் மூன்று மெத்தையையும் போட்டு வெளுத்தார். கீழ்வீட்டு பவானி படியேறி வந்தாள்.

“அண்ணே, எனக்கும் அதே டவுட்டு கீது. எங்க மெத்தையும் எடுத்தாரட்டா?”

“எடுத்தா, எடுத்தா.”

காலேஜில் அவர் நடையே மாறிவிட்டது. “எங்க வூட்ல ராத்திரி பகலா இயற்பியல்தான் சார்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இடுப்பு வலித்தது. அதையும் பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோராம் அத்தியாயம். ஒலி.

“மாமா, மூடின எடத்துல கொரலு பெருசா கேக்கும்னு எழுதிக்கீற. நம்ம சம்ப்புல கேக்குமா? நீ உள்ள நின்னு பேசேன். நான் மேல கீறேன்.”

இறங்கினார். பேசினார். கணீரென்று கேட்டது. அப்போதுதான் பிரஷ் கீழே வந்தது.

“பாசி கீற சொவத்துல ஒரு மாரியும், பாசி இல்லாத சொவத்துல வேற மாரியும் கேக்குமா மாமா?”

பெரிதாக வித்தியாசம் ஒன்றும் கேட்காது. அவருக்குத் தெரியும். ஆனால் செய்து பார்க்காமல் எப்படிச் சொல்வது?

நாலாவது சுவரில் பாதி முடிந்தபோது மேலே பவானி குரல். ரகசியமாகத்தான் பேசினாள். ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் எழுதியது எல்லாம் நிஜம். சம்ப்புக்குள் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

“இன்னாக்கா, எறங்கவே மாட்டேன்னாரு. எப்டிக்கா எறக்கின?”

“நான் எங்க எறக்கினேன். படிச்சேன்.”

“எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கா. எங்க வூட்டுக்காரரு காலாட்டிகினு டிவி பாத்துகினு கீறாரு.”

“உனக்கு வேலைக்காவாதுடி. எழுதனவன்தான் எறங்குவான்.”

பிரஷ் நின்றது. ஜன்னல். மெத்தை. பவானி வீட்டு மெத்தை. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பேராசிரியருக்குக் காது சுட்டது. நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தார். திறந்த வாயில் வேறு கேள்வி வந்தது.

“கன்னிம்மா. அப்ப நீ மெய்யாலுமே படிச்சிட்டியா?”

“பின்ன? படிக்காம டவுட்டு வருமா?”

“முழுசா?”

“அட்டையிலேர்ந்து அட்ட வரைக்கும். எட்டாவது அத்தியாயம் இழுவ. அணுவப் பத்தி எழுதனது வேஸ்ட்டு, அத்த வெச்சு ஒரு டம்ளர் கழுவ முடியாது. மத்ததெல்லாம் ஷோக்கா எழுதிக்கீற மாமா. யார்டுல ரெண்டு டிரைவருக்குப் படிச்சிக் காட்டினேன். எங்க வூட்டுக்காரரு எழுதனதுன்னு சொன்னேன்.”

எங்க வூட்டுக்காரரு என்று சம்ப்பு திருப்பிச் சொன்னது.

பேராசிரியர் அசையாமல் நின்றார். பாசித் தண்ணி மூக்கிலிருந்து சொட்டியது. துடைக்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லு.”

“இன்னாத்த?”

“டிரைவருங்க கிட்ட சொன்னத. குனிஞ்சு, உள்ள பாத்து சொல்லு.”

“பேஜாரு புடிச்ச ஆளு. தேய்ச்ச வரைக்கும் போதும். மீன் கொழம்பு ஆறுது. ஏறி வா.”

“பாதி சொவரு பாக்கி கீது. அதுவும் தேய்ச்சா இன்னும் கணீர்னு கேக்கும்.”

“கேக்காது. உனக்கே தெரியும். ஏறி வான்றேன்ல.”

இறங்கு என்று சொன்னபோது இறங்க மாட்டேன் என்ற மனுஷன். இப்போது ஏறு என்கிறாள். அவர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, பாசியே இல்லாத முதல் சுவரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.