அம்மாவுக்கு நாற்பது மார்க்

தாய்ப்பாசத்தை அளந்து மதிப்பெண் போடும் அரிய வித்தையை உலகுக்கு அருளியது அயல்நாட்டு மாணவர் அனுமதி அலுவலகம்தான். கவிஞர்கள் உருகி உருகி எழுதினார்களே தவிர, ஒருவராவது அதை எண்ணில் சொன்னாரா? அலுவலகம் சொன்னது. சொந்த ஊரில் வீடு இருந்தால் இருபது, உயிரோடு அம்மா இருந்தால் நாற்பது. மொத்தம் ஐம்பதைத் தொட்டுவிட்டால், மாணவர் 'ஊர் திரும்பும் எண்ணம் உடையவர்' என்று பொருள். அனுமதியை நீட்டிப்பார்கள்.

அங்கே படிக்க வந்த ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு அறுபது இருந்தது. கண்ணாடித் தட்டில் ஈரல் செல்களை வளர்த்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றுக்கு ஆகாரம் ஊற்றுவது அவள் ஆராய்ச்சி. இது படிப்பா, வேலையா? அலுவலகம் மூன்று கூட்டம் போட்டு, ஊற்றுவது படிப்பு, தட்டைக் கழுவுவது வேலை என்று 'தெளிவுபடுத்தியது'. அன்று முதல் அவள் தட்டைக் கழுவுவதில்லை. அவ்வளவு அடக்கமான பெண்.

நீட்டிப்புக்காகக் கொடுத்த அவள் பாஸ்போர்ட் அந்த அனுமதி அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மா உன்னையேதான் கேக்கறாங்க. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. சீக்கிரம் வந்துடு."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஏழாம் கவுன்டர் அதிகாரி தங்கமான மனிதர். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உக்காரும்மா" என்றார். இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. அது அவர் குற்றமல்ல, வேறு இலாகா.

"பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க சார். ஊருக்குப் போகணும்."

"அவசரம்னா ஆதாரம் வேணுமேம்மா."

டாக்டர் கடிதத்தை நீட்டினாள். இரண்டு முறை படித்தார். அவர் முகம் நிஜமாகவே வாடியது.

"பத்து நாள் தாங்கறதே கஷ்டம்னு எழுதியிருக்காரே?"

"ஆமா சார்."

"நீங்க கேட்டிருக்கறது ரெண்டு வருஷ அனுமதி. பத்து நாள் அம்மாவ வச்சுக்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு நான் எப்படிம்மா மார்க் போடறது?" நாற்பதைச் சிவப்பு மையால் அடித்தார். "இப்ப உங்களுக்கு இருபதுதான். ஊருக்குத் திரும்பிப் போவீங்கன்னு நம்ப முடியல."

"ஊருக்குப் போகத்தானே சார் வந்து நிக்கறேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப அனுமதியே வேண்டாம் சார். படிப்பும் வேண்டாம். பாஸ்போர்ட்டக் குடுங்க, போயிடறேன்."

"வேண்டாம்னு நீங்க சொன்னா எப்படி? இல்லன்னு நாங்கல்ல சொல்லணும்! அதுக்கு முப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் நாட்ட விட்டு நகரக் கூடாது."

"எங்கம்மா முகத்த ஒருதரம் பாத்துடறேன் சார்..." கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள். அதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அம்மா உண்டு. இருந்தாலும் செருமிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். 'கடமை' என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். தம்பி போனை அம்மாவின் முகத்தருகே பிடித்துக் காட்டினான். ஆய்வுக்கூடத்தில் செல்களுக்கு ஆகாரம் ஊற்றிக்கொண்டிருந்தவள், கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பார்த்தாள்.

முப்பதாம் நாள், சொன்ன சொல் தவறாமல் தபால் வந்தது. உள்ளே பாஸ்போர்ட். கூடவே ஓர் ஆணை: 'ஊர் திரும்பும் எண்ணம் இல்லாத காரணத்தால், ஏழு நாளில் ஊர் திரும்பவும். தாய்: பூஜ்யம்.'

இந்த அலுவலகத்தின் கணிப்பு ஒருநாளும் பொய்த்ததில்லை என்று ஊரே மெச்சுகிறது. எப்படிப் பொய்க்கும்? கணித்தது நடந்து முடியும்வரை பாஸ்போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே.