லோத்குண்டாவில் ஒரு லோடு டெஸ்ட்

வீடு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமான இரண்டு வருடத்தில் சட்டை நிறம், சாம்பார் பதம், என் மீசை என்று எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாயிற்று. மீசை இப்போது இல்லை. ஆனால் எங்கே குடியிருப்பது என்பது ஆண்பிள்ளை முடிவெடுக்க வேண்டிய சங்கதி. இதைக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொன்னேன். வெளியே கேட்டுவிட்டால் வம்பு.

என் பெயர் தியாகு. கோயம்புத்தூர்க்காரன். பம்ப் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினீயர். ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரம் பக்கம், கம்பெனி புதிதாக ஓர் ஆலை திறந்து என்னை அங்கே மாற்றியது. வீடு கிடைக்கும்வரை தங்கிக்கொள்ள கெஸ்ட் ஹவுஸ் கொடுத்தது. பத்தொன்பதாவது மாடி. அங்கே ஈ, கொசு வந்தால்கூட லிஃப்டில்தான் வர வேண்டும். நாள் முழுக்கப் பம்ப் இரைச்சலில் நிற்பவனுக்கு அதுதான் சொர்க்கம்.

என் மனைவி சுபாஸ்ரீக்கு அப்படி இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிசைன் வரைகிறவள். பகலெல்லாம் தனியாக இருப்பாள். ஒரு நாள் சாயங்காலம் நான் ஷூவைக் கழற்றும்போது சொன்னாள்.

"இன்னைக்கு என்கிட்ட ஒருத்தர் பேசுனாங்க மாமா."

"பரவால்லியே. யாரு?"

"லிஃப்டுங். கதவு மூடப்போகுதுன்னு சொல்லுச்சு. நானும் சரிங்கன்னு சொன்னனுங்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் என் மனம் அதே வரிசையில் இருந்த அடுத்த டவரில் இருபத்திரண்டாவது மாடி வீட்டின்மேல் விழுந்திருந்தது. அது அனந்தகிருஷ்ணன் சாருடைய வீடு. எங்கள் கம்பெனிக்காரர். புனேவுக்கு மாற்றலாகிப் போனவர். 'உனக்குன்னா தை மாசம் வரைக்கும் வெச்சிருக்கேன் தியாகு' என்று சொல்லியிருந்தார். ஐப்பசி கடைசியில் அவளைக் கூட்டிப்போய் அந்த வீட்டைக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங் மாமா. இங்கிருந்து பாத்தா மனுசங்க எறும்பாட்டத் தெரியறாங்க."

"அதான் விசேஷமே."

"அந்தண்ணன் நம்பரைக் கொடுங்க. மத்ததை நானே பேசிக்கறனுங். உங்களுக்கு ஆபீஸ்ல ஆயிரம் வேலை."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? நம்பரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம்தான் லோத்குண்டா என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. சுபாஸ்ரீயோடு படித்தவளின் பெரியம்மா எவாஞ்சலின் அங்கே இருக்கிறார். அவர் கணவர் தியோடர் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல தலைமுறையாக செகந்திராபாத்தில் ஊறிய தமிழ்க் குடும்பம். அவர்கள் வீட்டு மாடி காலியாம். நகரத்தின் ஒரு நுனியில் என் ஆலை. மறு நுனியில் லோத்குண்டா.

"அங்கிருந்து நான் எப்படிப் புள்ள வேலைக்குப் போறது?"

"உங்க கம்பெனி பஸ்ஸு அந்த முக்குல இருந்துதாங் கெளம்புது. மொத ஆளா ஏறி சன்னலோரம் உக்காந்து தூங்கிட்டே போலாமுங்."

என் கம்பெனி பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்பது எனக்கே தெரியாது.

நேரடியாக முடியாது என்று சொன்னால் எடுபடாது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். கார்த்திகை முடியப்போகிறது. செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. எங்கள் பக்கம் மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள். லோத்குண்டாக்காரர்கள் தை வரை வீட்டைப் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள். அனந்தகிருஷ்ணன் வைத்திருப்பார். ஆக, மார்கழி பிறக்கும்வரை சுபாஸ்ரீயைத் தயங்க வைத்துவிட்டால் போதும். தயங்க வைக்க என்ன வழி? அந்தத் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்தை அவள் காதால் கேட்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன், பெரிய மனது பண்ணி.

"சரிங்க மாமா. வெள்ளெனப் போயிரலாமுங். ஒம்பது மணிக்கு அவங்க சர்ச்சுக்குக் கெளம்பிருவாங்க."

ஞாயிறு காலை பார்த்தால் பட்டுச்சேலையில் நிற்கிறாள்.

"வீடு பாக்கப் போறதுக்கு எதுக்குப் புள்ள பட்டு?"

"அவங்க சர்ச்சுக்கு நல்லா உடுத்திட்டு இருப்பாங்க. நாம மட்டும் கசங்கிப் போய் நின்னா நல்லாவா இருக்கும்? நீங்களும் வேட்டி கட்டுங்."

கட்டினேன். திட்டம் பெரிது, வேட்டி சின்னது.

தெரு என்னை ஏமாற்றவில்லை. முக்கில் இட்லி வண்டி. அதைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருத்தர் மொபெட்டில் கீரை விற்றுக்கொண்டு போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் ராணுவ நிலம். அங்கிருந்து பேண்டு பயிற்சி. இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மைக் சோதனை. நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட். அவுட்டா இல்லையா என்ற சண்டை தெலுங்கில் ஆரம்பித்து, இந்தியில் வளர்ந்து, இங்கிலீஷில் தீர்ப்பாயிற்று.

"என்ன சத்தம் பாத்தியா?" என்று கத்தினேன். கத்தினால்தான் கேட்கும்.

"ஆமாங் மாமா. சத்தந்தாங்."

உள்ளுக்குள் குதித்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

எவாஞ்சலின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "கைக்கு தம்பி வெளியவே நிக்கறீங்க? மேல வாங்க, வீடு தொறந்துதான் இருக்கு." 'கைக்கு' என்றால் 'ஏன்'; அவர்கள் தமிழில் அந்த ஊர் இந்தி இப்படிக் கலந்திருக்கும்.

"காபி முதல்ல கொடு எவா" என்றார் தியோடர்.

"நக்கோ, வேணாம், அந்தப் பொண்ணே மேல போட்டுக்கும். பால் வாங்கிட்டு வந்திருக்கு பாருங்க."

மாடி வாசலில் சுபாஸ்ரீ என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இந்தப் படி கொஞ்சம் ஏத்தமா இருக்குதுங். வலது காலை எடுத்து வெச்சு வாங்க." வைத்தேன். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

காலி வீடு. சமையலறையில் அடுப்பு மட்டும் இருந்தது. புதுசு.

"அடுப்பு, குழாயெல்லாம் வேலை செய்யுதான்னு பாக்கோணுமில்லீங்களா?" என்றாள். "நீங்கதான் டெஸ்டிங் இன்ஜினீயரு. எப்படிங் பாக்கறது?"

கேட்டாளே ஒரு கேள்வி. நான் நிமிர்ந்தேன். "பம்பைச் சும்மா ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது புள்ள. தண்ணி ஏத்திப் பாக்கோணும். லோடு குடுக்கோணும். அடுப்பும் அப்படித்தான்."

"அப்பப் பாலை வெச்சுப் பாக்கலாமுங். காபி குடிச்சாப்லயும் ஆச்சு. நீங்களே பத்த வெயுங்க மாமா."

பற்ற வைத்தேன். பையிலிருந்து புதுப் பாத்திரம் ஒன்று வந்தது. வரும் வழியில் வாங்கியதாம். பால் ஏறியது. போனில் என் அம்மாவையும் வீடியோவில் கூப்பிட்டாள். "அத்தைக்கும் வீட்டைக் காட்டிரலாமுங்." காட்டட்டும், இந்த இரைச்சலை அம்மாவும் கேட்கட்டும் என்று போனை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன். தியோடர் தம்பதி வாசற்படியில் கைகட்டி நின்றார்கள். இவர்களும் சோதனையை ரசிக்கிறார்களே என்று எனக்குப் பெருமை.

பால் விளிம்புக்கு வந்தது. அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க மாமா. முழுசாப் பொங்கட்டும். ஃபுல் லோடு பாக்கோணுமில்லீங்."

இரண்டு வருடத்தில் என் தொழிலை இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று பூரித்துப்போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆவி பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

காபி பிரமாதம். இரண்டு டம்ளர் குடித்தேன்.

"அடுப்பு எப்படிங் மாமா?"

"அடுப்பு பாஸ். தெருதான் ஃபெயில்."

"சரிங்க மாமா."

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். "நாளைக்கு மார்கழி பொறக்குது. இனி குடி போக முடியாது. லோத்குண்டாக்காரங்ககிட்ட மன்னிச்சுக்கச் சொல்லிரு. தையில அனந்தகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போயிரலாம்."

"மார்கழியில குடி போகக் கூடாதுங்க மாமா. அது ரொம்பச் சரிங்" என்று இன்னொரு தோசை வைத்தாள். அன்று நான் சாப்பிட்ட தோசைகளுக்கு அளவே இல்லை. ஜெயித்தவன் பசி அது.

அந்தச் சனிக்கிழமை கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஒரு மினி லாரி நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வந்து, பிரிக்காமலே கிடந்த எங்கள் பெட்டிகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன.

"என்ன புள்ள இது? மார்கழியில குடி போறதா?"

"குடி போகலீங்க மாமா. குடி போயாச்சுங். இப்பப் போறது சாமான் மட்டுந்தாங்."

"எப்பப் போனோம்?"

"கார்த்திகையிலதாங். நல்ல நேரம் பாத்துப் பால் காச்சுனமே. நீங்கதான அடுப்பைப் பத்த வெச்சீங்."

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பட்டுச்சேலை. வேட்டி. வலது கால். என் சொந்தப் பால் காய்ச்சலுக்கு நான் விருந்தாளியாகப் போய், குறை சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் காபியும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கடைசி நம்பிக்கையாக அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்ற சாமி, நேரம் குறிச்சதே நாந்தான்" என்றார் அம்மா. "நீ போனைப் புடிச்சுட்டு நின்ன நேர்த்தி இருக்குதே, பால் கெழக்க பாத்துப் பொங்குனது அப்படியே தெரிஞ்சுது கண்ணு. பால் காச்சுன வூட்ட உட்டுட்டு வேற வூட்டுக்குப் போறேன்னு மட்டும் சொல்லீராத. ஆகாது."

போனை வைத்துவிட்டு லாரியில் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தத் தெரு பிடித்துவிட்டது. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் இட்லி வண்டிக்காரர் என்னைக் கேட்காமலே கெட்டிச் சட்னி வைத்தார். சாயங்காலம் பஸ் இறங்கினால் தெருவே கணக்குக் கேட்கிறது, ஏன் இன்றைக்கு லேட் என்று. எவாஞ்சலின் அம்மா கேக் கொடுத்தார். சுபாஸ்ரீ பணியாரம் கொடுத்தாள். கிரிக்கெட் பிள்ளைகள் என்னை அம்பயராக்கினார்கள். மூன்று பாஷையிலும் திட்டு வாங்கினேன். சுகமாக இருந்தது.

அதைவிட, அவளைப் பார்க்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகக் கீரைக்காரரோடு வாதாடுகிறாள். ஆமாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'ஹவ்' போடுகிறாள். பத்தொன்பதாவது மாடியில் நான் பார்த்த பெண் இவள்தானா என்று சந்தேகம் வருகிறது. இவ்வளவு காரியத்தையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், 'சரிங்க மாமா' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடித்தாளே. எங்கள் ஆலையில் இப்படி ஒரு மேனேஜர் இருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

ஒரே ஒரு சங்கடம்தான் பாக்கி. தை பிறந்துவிட்டது. பாவம், அனந்தகிருஷ்ணன் சார் எனக்காக அந்த வீட்டைச் சும்மா போட்டு வைத்திருப்பார். சுபாஸ்ரீயிடம் விட்டதால் நான் அவரிடம் பேசியே வெகு நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்ற உணர்ச்சி தாங்காமல், மொட்டை மாடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

"சார், மன்னிக்கணும். உங்க வீட்டை இத்தனை நாள் எனக்காகக் காலியா வெச்சிட்டீங்க. நாங்க வர முடியாதுபோல இருக்கு."

"காலியாவா? அதுல கார்த்திகை மொத வாரமே ஆள் வந்தாச்சே தியாகு. நீங்க லோத்குண்டாவுக்குக் குடி போயாச்சுன்னு சொல்லி, உங்க சம்சாரம்தானே அந்த ஆளையே புடிச்சுக் கொடுத்தாங்க."