அமெரிக்கா விருந்துக்கு வந்தது

மதார் சாகிபு உலகத்தையே ஒரே குடும்பமாக்கிவிடுவது என்று முடிவுகட்டினார். அதற்காகக் கோவளத்தில் ‘உலக உறவுச் சங்கம்’ ஒன்றை ஆரம்பித்து, தலைவர் பதவியையும் தானே பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குச் சங்கம் உலக உருண்டை வாங்கிக் கொடுத்தது. தலைவர் தன் ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டுப் போய், “பிள்ளைகளே! ஜப்பான்காரனும் நமக்குச் சகோதரன்தான்!” என்று தொண்டை கட்டப் பேசினார்.

பக்கத்து வீட்டு அப்துல் சுபஹானுக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் இடமில்லை. போன பக்ரீதுக்கு அவர் கொடுத்தனுப்பிய குர்பானி ஆட்டுப் பங்கில் கறியைத் தேட வேண்டியிருந்தது. அத்தனையும் எலும்பு! அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தான் பேசாமலிருந்தால் போதாதா? மனைவி பதருன்னிசாவும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று உத்தரவு போட்டுவிட்டார். சுபஹானின் மனைவி லத்தீஃபாவோடு நாலு வார்த்தை பேசாமல் பதருன்னிசாவுக்குச் சோறு இறங்குவதில்லை. பாவம், ஏங்கிப் போனாள்.

“எலும்ப அனுப்புனது அவரு. லத்தீஃபா இன்னாங்க பண்ணா?”

“பங்கு போட்டது அவதானே?”

“ரெண்டு எலும்புக்காவ ஒரு மனுசிய வுட்ருவாங்களா?”

“ரெண்டா? சட்டியில ஒரு ஆடே எழுந்து நின்னுகினு இருந்துச்சு!”

அந்த வருஷம் ஐக்கிய நாடுகள் தினத்துக்குத் தலைவர் ஒரு திட்டம் போட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாடு. அந்த நாட்டு வேஷம் கட்டி, தாய் தகப்பனோடு ஒரு சங்கத்துக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் வாசலில் நின்று, பெருநாளில் செய்வதைப் போலக் கட்டித் தழுவி வரவேற்க வேண்டும். எந்த நாடு எந்தப் பிள்ளைக்கு என்பதைத் தலைமையாசிரியர் சாலமோன் தீர்மானிப்பார்.

“அமெரிக்கா நம்ம வூட்டுக்குத்தான். பெரிய எடம். பிரியாணி ஆக்கிடு” என்றார் மனைவியிடம். “வாத்தியார் வந்து ஏதாச்சும் கேட்டா நீயே சொல்லிடு. எனக்குக் கடையில வேலை கீது.”

“நானா? எனக்கு இன்னாங்க தெரியும்?” என்றாள் பதருன்னிசா, மிகவும் அடக்கமாக.

விருந்து நாள் வந்தது. மதார் சாகிபு அத்தர் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெரு நிறையக் கூட்டம். முன்னால் சாலமோன் வாத்தியார். பக்கத்தில் காகிதத் தொப்பி போட்ட அமெரிக்கா. சுபஹானின் மகள் ஹபீபா! பின்னால் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு சுபஹான்.

“அமெரிக்கா வந்தாச்சு தலைவரே! கட்டித் தழுவுங்க!”

பிள்ளைகள் கைதட்டினார்கள். சங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்றால் தலைவர் பதவி போச்சு. இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்த மாதிரி இருவரும் தழுவிக்கொண்டார்கள். அதற்குள் அடுப்படியில் லத்தீஃபாவின் சிரிப்பு கேட்டது. பதருன்னிசாவின் சிரிப்பு அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

சாகிபு வாத்தியாரைத் தனியே இழுத்தார். “இன்னா சார் இது? யாரு பண்ண ஏற்பாடு?”

“உங்க வீட்டம்மாதாங்க. அமெரிக்கா ரொம்பத் தூரமாச்சே, உங்க வீட்டுக்கு ரொம்பத் தூரமான குடும்பம் எதுன்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“திரைக்குப் பின்னாலேர்ந்து ‘பக்கத்து வூடு’ன்னாங்க.”