மஞ்சள் மூடி வாரம்

17, ரோவன் தெரு
மெல்பர்ன்
ஆகஸ்ட் 14, வியாழன்

அன்புள்ள கிளெனிஸுக்கு,

மெர்வ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் எலுமிச்சை மரமும் சௌக்கியம். பெர்த்தில் நீயும் மகள் கெரினும் பேரக்குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறே வாரம் என்று மார்ச்சில் போனவள், "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டுமா, உள்ளதச் சொல்லு மெர்வ்" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று நடந்தது மட்டும் உன் காதுக்கு வேறு வழியாக வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய் சாயங்காலம் வழக்கம்போலக் குப்பைத்தொட்டியை வாசலில் கொண்டு வைத்தேன், தோட்டக் குப்பைக்கான பச்சை மூடி. அரைமணியில் எதிர்வீட்டு ஸ்தாவ்ரூலாவும் பச்சை, பக்கத்து வீட்டு டேரலும் பச்சை, தெருக்கோடி வரைக்கும் பச்சை. விடிந்து பார்த்தால் அது மஞ்சள் மூடி வாரம், வருகிறது பாட்டிலும் காகிதமும் அள்ளும் லாரி! ஓட்டுநர் தெருவை ஒரு பார்வை பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான், போயே போய்விட்டான். நான் பைஜாமாவோடு மஞ்சள் தொட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓட, வேகத்தடையில் சக்கரம் கழன்று, நீ செய்து வைத்துவிட்டுப் போன ஜாமின் காலி பாட்டில் அத்தனையும் நடுரோட்டில்.

அடுத்த நிமிஷம் தெருவே என் வாசலில். "ஏன்யா, என் வீட்டுக்காரர் பிறந்தநாள் பாட்டில் மலையா கெடக்கு! இன்னும் ரெண்டு வாரம் அத என் தலையிலயா வெச்சுக்குவேன்?" என்று ஸ்தாவ்ரூலா கத்தினாள்.

"உங்ககிட்ட கவுன்சில் குடுத்த குப்பை காலண்டர் இல்லையா?" என்றேன்.

"காலண்டரு யாருங்க பாக்குறா? கிளெனிஸ் அக்கா எத வெக்கிறாங்களோ அதத்தான் நாங்க வெப்போம்" என்றான் டேரல்.

"அவதான் இங்க இல்லியேடா!"

"தொட்டி அவங்க வாசல்லதானே நின்னுச்சு? இத்தன நாளும் சரியாவே இருந்துச்சு, அக்கா போன்ல சொல்றாங்கன்னுல்ல நெனச்சோம்!"

ஸ்தாவ்ரூலா சட்டென்று அடங்கிப்போய், "எப்பதான் வர்றா அவ?" என்று கேட்டாள். அது காதில் விழாதவன்போல, கவுன்சில்காரன் காலண்டரைத் தப்பாக அச்சடித்துவிட்டான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மற்றபடி எல்லாம் சுபம். சாப்பாடு வேளாவேளைக்கு நடக்கிறது, டோஸ்ட்டும் சாப்பாடுதானே. கெரினுக்கு என் அன்பு, பேரனுக்கு உச்சியில் ஒரு முத்தம். என்னைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட்டு வா.

என்றும் உன்,
மெர்வ்

பி.கு.: கவுன்சில்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை. காலண்டர் பிரிட்ஜ் கதவில் நீ மாட்டிய இடத்திலேதான் இருக்கிறது. ஆனால் இன்னும் மார்ச் மாதம். பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் 'மெர்வுக்குப் பல் டாக்டர், மறக்காதே' என்று உன் கையால் எழுதியிருக்கிறாயே, திருப்பினால் அது மறைந்துபோகும். மார்ச்சை வைத்தே விரல்விட்டு எண்ணி இத்தனை நாள் சமாளித்தேன், இந்த வாரம் பிசகிவிட்டது. கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னால் முடியாது கிளெனிஸ். பல் டாக்டரிடமும் போகவில்லை. நீ வந்து அந்தத் தாளைத் திருப்பு.